பதில்: 57604 கட்டிய ஆண்டு எது?

57604 எண் கொண்ட உங்கள் மாடல் ரயில் எஞ்சினின் பெயர்ப்பலகைக்காகத் தேடியதில் ஓரிடத்தில் 1960கள் என்றும் இன்னோரிடத்தில் 2004 என்றும் இருப்பதாகக் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான்.

57604 பிரிட்டனின் கிளாஸ் 57 வகை டீசல் ரயில் எஞ்சின். அந்த வகையில் எதுவும் புதிதாகப் பிறந்த எஞ்சின் அல்ல. 1962 முதல் 1968 வரை கிளாஸ் 47 வகை ரயில் எஞ்சின்கள் 512 கட்டினார்கள். அவற்றில் 33-ஐ மட்டும் 1998-லிருந்து 2004-க்குள் இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் பிரஷ் நிறுவனம் பிரித்து மேய்ந்து மறுபடி கட்டியது. அடிச்சட்டமும் வெளிக்கூடும் பழையவை, இதயமான உள்ளே இருக்கும் டீசல் எஞ்சின் மட்டும் வேறு.

கிளாஸ் 47-க்குள் இருந்த பழைய சுல்சர் நிறுவன டீசல் எஞ்சினில் பக்கத்துக்கு ஆறாக 12 சிலிண்டர்கள், இரண்டு வரிசைக்கும் தனித்தனி கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு). 2750 குதிரைத்திறனில் ஓட்டியபோது விரிசல் விட்டதால் 2580-க்குக் குறைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தது அமெரிக்க இஎம்டி நிறுவனத்தின் 645 டீசல் எஞ்சின். அதுவும் புதிதல்ல, பழுதுபார்த்த பழைய சரக்கு! உங்கள் 57604-இல் இருப்பது மறுபடியும் அதே 2750 தருகிற வகை. லண்டன் பேடிங்டனிலிருந்து பென்சான்ஸ் போகும் இரவு ரயிலுக்காகச் செய்த நான்கில் ஒன்று அது.

சரி, பலகைக்கு வருவோம். மாடலில் 57604 என்ற எண்ணும் ‘பென்டென்னிஸ் காசில்’ என்ற பெயரும் இருந்தால் 2004 என்றே எழுதுங்கள். அதே வண்டியை, மறுபடி கட்டுவதற்கு முன் அதற்கிருந்த 47209 எண்ணில் செய்தால் மட்டும் பழைய ஆண்டு. அப்புறம், மாடலில் எஞ்சின் சத்தம் எழுப்பும் ஒலி சிப் வாங்கினால் கிளாஸ் 47-க்கு உள்ளதை வாங்கிவிடாதீர்கள். இஎம்டி டூ-ஸ்ட்ரோக் (பிஸ்டனின் இரண்டு அசைவுக்கு ஒருமுறை எரிபொருள் எரியும்) வகை, சுல்சர் ஃபோர்-ஸ்ட்ரோக், சத்தமே வேறு.