பம்ப் துவக்குக்குப் பிஸ்ரல் பிடி: பண்டிக் காவலுக்குச் சரிவராது

அண்ணை, நெடுங்கேணிப் பக்கம் சோளத்துக்குள்ள இறங்கிற பண்டிக்குக் காவல், பரணில இடம் காணாது, பிடங்கை (தோளில வைக்கிற பின்கட்டை) கழற்றிப்போட்டுப் பம்ப் துவக்குக்குக் கையால மட்டும் பிடிக்கிற பிஸ்ரல் பிடி போடலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். போடாதேங்கோ.

பிடங்கு தோளில பதிஞ்சு, கன்னம் அதில ஒட்டினாத்தான் கண் குழலுக்கு நேரா வரும். அது இல்லாட்டி நீங்கள் குறி பாக்கேல்லை, திசை காட்டிறியள், அவ்வளவுதான். இருட்டில, கையில ரோச்சும் இருந்தாச் சொல்லவே வேண்டாம். 12 போர் தோட்டாவின்ர உதை மணிக்கட்டுக்குப் போகும். குறி பாக்கவெண்டு முகத்துக்குக் கிட்டத் தூக்கினாப் பல்லுக்கும் உத்தரவாதமில்லை. காயப்பட்ட பண்டி பற்றைக்குள்ள கிடந்தா விடிய ஆர் போய்ப் பாக்கிறது?

உங்கட துவக்கு மொஸ்பேர்க் 500 எண்டால் இன்னொரு கரைச்சல். சேஃப்டி, அதுதான் தவறி வெடிக்காமல் விசையைப் பூட்டிறது, மேல, பின்பக்கம், பெருவிரல் படுற இடத்தில இருக்கு. பிஸ்ரல் பிடி போட்டா விரல் எட்டாது, பிடியைத் தளர்த்தித்தான் தள்ளவேணும். ரெமிங்ரன் 870இல அது விசைக்குப் பின்னால குறுக்கால இருக்கிற பொத்தான், அதுக்கு இந்தப் பாடு இல்லை.

பிஸ்ரல் பிடியோட சேர்ந்த முழுப் பிடங்கும் வருது. அது வேற சாமான், உதையைத் தோள் வாங்கும். ஆனால் நீளம் குறையாது, உங்களுக்கு அதால லாபமில்லை. கட்டைப் பிடங்கு கிடைச்சாப் பாருங்கோ. இல்லாட்டிப் பரணை ஒரு முழம் அகட்டுங்கோ, நாலு தடிதானே!

எதைக் கழற்றிறதெண்டாலும் முதல் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) கேளுங்கோ. வருசாவருசம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போற நேரம் துவக்கு வேற மாதிரி இருந்தா நீங்கள்தான் பதில் சொல்லவேணும்.