கலெக்டரும் பொக்லைனும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அருப்புக்கோட்டை பக்கம் என் சொந்த ஊருக்குப் போயிருந்தேன். நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசச் சொன்னார்கள். என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டேன். கலெக்டர், டாக்டர், போலீஸ், டீச்சர். இந்த நான்கைத் தாண்டி யாரும் போகவில்லை. ஒரு பையன் மட்டும் பொக்லைன் ஓட்டுவேன் என்றான். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். விவசாயம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் இவர்களை மண்ணிலிருந்து பிடுங்கிவிடுகிறதா? கிராமத்தில் அரைநாள் படிப்பு, அரைநாள் வயல்வேலை என்று வைத்தால் என்ன?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இது பழைய யோசனை. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்தது. தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை அப்பாவின் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, காமராஜர் வந்ததும் 1954-ல் கைவிடப்பட்டது. அதுவும் கிராமப் பள்ளிகளுக்குத்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் திட்டத்திலும் வயலுக்குப் போவது அருப்புக்கோட்டைப் பிள்ளைதான். சென்னைப் பிள்ளை முழுநாள் படிக்கும்.

அந்த நான்கு பதிலைப் பார்த்து நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள். எனக்கு அவை விவரமான பதில்களாகத்தான் தெரிகின்றன. திங்கட்கிழமை மனுவும் கையுமாகக் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்ற தாத்தாவைப் பார்த்த பிள்ளை, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரத்தானே ஆசைப்படும்?

என்னை உறுத்துவது அந்தச் சிரிப்பு. நான் படித்தபோது, 'படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பது வாரத்துக்கு நாலு தடவை காதில் விழும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மாடு நின்றது. என் அப்பா ஆடு மேய்த்தார். படிவத்தில் தகப்பனார் தொழில் என்று கேட்ட இடத்தில் நான் 'விவசாயம்' என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. விவசாயம் என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்கிறீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

பொக்லைன் பையன் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு தொழிலைச் சொல்லியிருக்கிறான். பத்தாவது முடித்து ஐடிஐ போகலாம், பாலிடெக்னிக் போகலாம், அந்த வண்டியைப் பிரித்து மேயவும் கற்றுக்கொள்ளலாம் என்று அங்கேயே யாராவது சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டார்கள்.

அப்புறம், ஆசையைவிடப் பெரிய விஷயம் பிளஸ் ஒன் குரூப். பத்தாவதில் நானூறுக்கு மேல் வாங்கினால் பர்ஸ்ட் குரூப், குறைந்தால் வேறு என்று மார்க்கைப் பார்த்துத் தள்ளிவிடுவதுதான் நான் கண்ட வழக்கம். குரூப்பைத் தேர்ந்தெடுப்பதும் உள்ளூர்ப் பள்ளியில் என்ன இருக்கிறதோ அதற்குள்தான். வேண்டிய குரூப் இரண்டு பஸ் மாறிப் போகும் ஊரில் இருந்தால், பெண்பிள்ளை பெரும்பாலும் இருப்பதில் சேர்ந்துகொள்ளும். கணிதம் இல்லாத காமர்ஸ் எடுத்துவிட்டு, பிளஸ் டூ முடித்ததும் பி.இ. கேட்டால் கலந்தாய்வில் இடமில்லை. பதினைந்து வயதிலேயே முடிந்துபோன கணக்கு அது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு 'உன் லட்சியம் என்ன' என்று நாம் மேடையில் கேட்கிறோம்.

வழி தெரிந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். நீட் வந்தபிறகு அரசுப் பள்ளியில் படித்து இங்கே எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்தில் இருந்தார்கள். 2020-ல் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டே நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். இன்று டாக்டர் ஆவேன் என்று சொல்லும் பிள்ளைக்குப் பக்கத்து ஊர் அக்கா யாராவது கண்முன்னே இருக்கலாம். எங்கள் காலத்தில் சினிமா டாக்டர்தான்.

அடுத்த முறை போகும்போது பிள்ளைகளை விட்டுவிடுங்கள். பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பொக்லைன் பையன் பத்தாவதுக்கு அப்புறம் என்ன செய்வதாக இருக்கிறான் என்பதையும்.