'கனவு போல' என்பது தலைப்பு அல்ல, மெட்டு

சீனப் பெண் கவிஞர் லி சிங்ஜாவின் இரண்டு கவிதைகளுக்குமே 'கனவு போல' என்று பெயர், உள்ளே கனவே இல்லை, மொழிபெயர்ப்பில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. 'ரூ மெங் லிங்' என்பது மெட்டின் பெயர். இருக்கும் மெட்டுக்குச் சொல் நிரப்புகிற கவிதை வகை இது. பெயருக்கும் பொருளுக்கும் ஒட்டு உறவு வேண்டியதில்லை.

சீனாவில் பின் தாங் அரசை நிறுவிய லி சுன்ஷூ (இறப்பு 926) இதே மெட்டில் எழுதிய பாட்டில் 'கனவு போல, கனவு போல' என்று வரும். மெட்டின் பழைய பெயர் நயமாக இல்லையென்று கவிஞர் சூ ஷி (1037–1101) அந்த அடியையே பெயராக்கிவிட்டார். நல்ல வேலைதான் செய்தார்!

பழைய இசை தொலைந்துவிட்டது; அடிக்கு எத்தனை சீன எழுத்து என்ற கணக்கு மிச்சம். ஏழு அடி: 6, 6, 5, 6, 2, 2, 6. மொத்தம் 33. மூன்றாவது தவிர எல்லா அடியும் இயைபு. உயிர் இருப்பது அந்த இரண்டெழுத்து அடிகளில். லி சிங்ஜாவின் ஒரு கவிதையில் இரவெல்லாம் மழைக்காற்று, பூ அப்படியே இருக்கிறது என்கிறாள் திரை சுருட்டும் பெண். உடனே கவிஞர்: 'தெரியுமா, தெரியுமா? பச்சை பருத்து, சிவப்பு மெலிந்திருக்கும்.' பச்சை இலை, சிவப்பு பூ.

சரி, உங்கள் பிரதியில் அந்த 'தெரியுமா' இரண்டு முறை வருகிறதா? ஒரு முறைதான் என்றால் வேறு மொழிபெயர்ப்பைத் தேடுங்கள்.