சென்னையின் வெள்ள அபாயமும் நகரத் திட்டமும்: கேள்வி பதில்

வெள்ளம், புயல், நிலநடுக்கம் முதலிய இடர்களைக் குறைக்கச் சென்னை எவ்வாறு திட்டமிடுகிறது என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நகரமைப்புத் துறையில் பணியாற்றிய ஒருவர் அளித்த பதில்கள் இவை.

சென்னைக்கென்று பேரிடர் தணிப்புத் திட்டம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? (அண்ணா நகர்)

ஒன்றல்ல, பல இருக்கின்றன. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. மாநகராட்சியிடம் பேரிடர் மேலாண்மைத் திட்டமும் 2023இல் வெளியான காலநிலைச் செயல்திட்டமும் உள்ளன. ஏரிகளும் ஆறுகளும் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் வெள்ளத் தணிப்பு குறித்து ஆலோசனை கூற அமைக்கப்பட்ட திருப்புகழ் குழு தன் பரிந்துரைகளை 2023இல் அரசிடம் அளித்தது. ஆயினும் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதைச் சட்ட வலிமையோடு தீர்மானிப்பது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்). 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது. மற்றத் திட்டங்களில் எவ்வளவு நல்ல வரிகள் இருந்தாலும், அவை நில வகைப்பாட்டிலும் கட்டட அனுமதியிலும் இடம்பெறாதவரை அலமாரியில்தான் இருக்கும் என்பது என் கருத்து.

எங்கள் தெருவில் புதிதாக மழைநீர் வடிகால் கட்டினார்கள். ஆனாலும் தண்ணீர் தேங்குகிறது. வேலை சரியில்லையா? (வேளச்சேரி)

வேலையில் குறை இருக்கலாம். அதைப் பார்க்காமல் சொல்ல இயலாது. ஆனால் குறையே இல்லாத வடிகாலும் உங்கள் பகுதியில் தோற்கக்கூடும். வடிகால் தண்ணீரை இல்லாமல் ஆக்குவதில்லை. தாழ்வான இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலைகளாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டது. எஞ்சிய பகுதி 2022இல்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நிலமோ ஏறத்தாழச் சமதளம். புயல் நேரத்தில் கடல்மட்டமும் உயர்ந்துவிட்டால் முகத்துவாரம் தண்ணீரை உள்வாங்குவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்கு அப்பால் மெதுவாக நகர்ந்தபோது, மழையும் நிற்கவில்லை, வடியவும் வழியில்லை. ஆகவே வடிகாலுக்கு ஒதுக்கும் பணத்தைப் போலவே, தண்ணீர் தற்காலிகமாகத் தங்குவதற்கான நிலத்தையும் நகரம் ஒதுக்கியாக வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் வடிகாலின் நீளம் பேசப்படுகிறது. தண்ணீருக்கென விடப்பட்ட நிலத்தின் பரப்பை யாரும் கேட்பதில்லை.

2015இல் செம்பரம்பாக்கத்தை முன்கூட்டியே திறந்திருந்தால் அடையாற்றங்கரை தப்பியிருக்குமா? (ஜாபர்கான்பேட்டை)

பாதிப்பு குறைந்திருக்கலாம், முழுவதும் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரி, நகரின் குடிநீர் ஆதாரமும் ஆகும். கோடையில் கிடைக்காமல் போகும் நீரை நவம்பரிலேயே கடலுக்கு விடுவதற்கு எந்தப் பொறியாளரும் தயங்குவார். 2019 கோடையில் நகரம் பட்டபாட்டை நினைத்தால் அந்தத் தயக்கம் புரியும். அந்த டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பெய்தது, ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஏரியின் நீர் மேலாண்மையைக் கடுமையாகவே குறை கூறியது. ஆனால் விவாதங்களில் விடுபட்டுப்போவது ஒன்று உண்டு. அடையாற்றுக்குச் செம்பரம்பாக்கம் ஒன்றிலிருந்து மட்டும் நீர் வருவதில்லை. ஆற்றின் நீர்ப்பிடிப்பில் உள்ள பல ஏரிகள், நிரம்பியதும் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியாகத் தாமே வழிபவை, அவற்றைத் திறக்கவோ மூடவோ யாராலும் முடியாது. எனவே மதகை இயக்கும் முடிவு எவ்வளவு முக்கியமோ, ஆற்றின் வெள்ளச் சமவெளியில் குடியிருப்புகளை அனுமதித்த முடிவும் அவ்வளவு முக்கியம்.

ஆற்றங்கரை மக்களை அப்புறப்படுத்துவதுதான் தீர்வா? (சைதாப்பேட்டை)

அவ்வாறு செய்த அனுபவம் நமக்கு இருக்கிறது. அது பெருமைப்படத் தக்கதாக இல்லை. ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. இவை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் நீர்வழிகளையும் ஒட்டிய தாழ்வான பகுதிகள். செம்மஞ்சேரியில் பெருமழைதோறும் வெள்ளம் புகுகிறது. இடரிலிருந்து காப்பதாகச் சொல்லி, வேலையும் பள்ளியும் தொலைவாகிப்போன வேறோர் இடருக்கு அவர்களை மாற்றியிருக்கிறோம். ஆற்றங்கரைக் குடிசைகள் கண்ணில் படுகிற வேகத்தில், அதே நீர்வழியில் அனுமதி பெற்று எழுந்த பெரிய கட்டடங்கள் கண்ணில் படுவதில்லை.

நிலநடுக்கத்துக்குச் சென்னை அஞ்ச வேண்டுமா? (அம்பத்தூர்)

2002ஆம் ஆண்டு நிலநடுக்க மண்டல வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது மிதமான அபாயம். நீங்கள் குடியிருப்பது, தரைத்தளம் முழுவதையும் வாகனங்களுக்காகச் சுவரின்றித் தூண்கள் மேல் விட்ட அடுக்ககமாக இருந்தால், தூண்கள் நிலநடுக்க விதிகளின்படி வடிவமைக்கப்பட்டனவா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.

எங்கள் ஊர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா? (ஸ்ரீபெரும்புதூர்)

உங்களுக்குத்தான் மிகவும் பொருந்தும். வளர்ச்சிக் குழுமத்தின் திட்டத்துக்கு உட்பட்ட பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022இல் அரசு ஆணையிட்டது. சென்னைக்கு மேற்கே உள்ள ஏரிகள் நிரம்பி வழியும் நீரும் நகரின் வெள்ளத்துக்குக் காரணம் என்பதால், உங்கள் பகுதியில் இன்னும் உயிரோடிருக்கும் ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் மனைப்பிரிவுகளாவதற்கு முன்பே வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். வேளச்சேரியில் இழந்ததை மீட்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால், உங்கள் ஊரில் இருப்பதைக் காப்பதற்கு மிகக் குறைவாகவே செலவாகும்.

மனை வாங்கப் போகிறேன். வெள்ள அபாயத்தை நானே எப்படி அறிவது? (மேடவாக்கம்)

விற்பவர் காட்டும் அனுமதி எண்ணோடு நின்றுவிடாதீர்கள். கிராம வரைபடத்தையும், மனையின் அளவுகளைக் காட்டும் புலப்பட நகலையும், நிலத்தின் வகையைக் குறிக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் பெற்று, அந்தச் சர்வே எண்ணோ அடுத்த எண்களோ ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடுங்கள். 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அங்கே நெடுநாள் குடியிருப்பவர்களிடம், தரகர் உடன் இல்லாதபோது, கேளுங்கள். சாலையைவிட மனை தாழ்ந்திருந்தால், நிரப்பி உயர்த்தும் செலவையும், அதனால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் தள்ளப்படுமா என்பதையும் கணக்கில் கொண்ட பின்னரே முன்பணம் கொடுங்கள்.