ஊர் கூடிக் கட்டியது எத்தனை நாள் நிற்கும்? கேள்வி பதில்

கிராம மக்களே முன்னின்று போடும் ரோடு, குடிநீர்க் குழாய், வாய்க்கால் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும்.

கேள்வி: மக்களே எடுத்துச் செய்தால் வேலை உண்மையிலேயே நன்றாக நடக்கிறதா? அறிக்கைகளில் மட்டும்தான் அப்படி இருக்கிறதா?

கட்டுகிற வரைக்கும் நன்றாகத்தான் நடக்கிறது. சியரா லியோனில் 236 கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மானியம் தந்து, கூட்டம் போட்டு முடிவெடுக்கவும் பழக்கினார்கள். அந்த ஊர்களில் பொது வசதிகள் கூடின. பிறகுதான் சோதனை. எல்லா ஊருக்கும் ஒரு தார்ப்பாய் கொடுத்து, அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். பழக்கப்பட்ட ஊருக்கும் பழக்கப்படாத ஊருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வசதி வந்தது, ஆனால் சேர்ந்து முடிவெடுக்கும் வழக்கம் மாறவில்லை. பயிற்சி வகுப்பு நடத்தினால் ஊர் ஒன்றாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: பங்குத்தொகை கட்டினால் ‘இது நம்முடையது’ என்ற எண்ணம் வந்து, அவர்களே பராமரித்துக்கொள்வார்கள் இல்லையா?

எல்லோரும் சொல்வதுதான். நான் இதைப் பாதிதான் ஏற்பேன். முதலில், அந்தத் தொகையை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரோ ஒப்பந்ததாரரோ ஊர் பெயரில் கட்டிவிடுவதும் உண்டு. அப்புறம், எண்ணம் வந்துவிட்டால் மட்டும் அடிபம்பு ஓடாது. இந்தியா மார்க் 2 பம்பில் உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டால், அதை மாற்ற மொத்தக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். முக்காலி வேண்டும், கருவிகள் வேண்டும், நாலைந்து ஆட்கள் வேண்டும். அந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் மார்க் 3 வந்தது. அதில் குழாய் அகலம் என்பதால், அதை இழுக்காமலே பிஸ்டனை மட்டும் வெளியே எடுக்கலாம். பொறுப்பில்லாத மக்கள் என்று திட்டுவதற்கு முன்னால், பழுது பார்க்கக்கூடிய பம்பையா கொடுத்தோம் என்று பாருங்கள்.

கேள்வி: ஊர்க்கூட்டத்தில் கணக்கு வைத்தால் திருட்டு நிற்குமா சார்?

இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ரோடு வேலைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பொறியாளர்கள் ரோட்டைத் தோண்டி, உண்மையில் எவ்வளவு கல்லும் மணலும் போட்டிருக்கிறது என்று அளந்து, கணக்கோடு ஒப்பிட்டார்கள். அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று சொன்ன ஊர்களில், காணாமல் போகும் பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு நிறையப் பேரை அழைத்த ஊர்களில் மொத்தத்தில் பெரிதாகக் குறையவில்லை. அங்கே கூலித் திருட்டு மட்டும் குறைந்தது. தன் கூலி குறைந்தால் உடனே தெரிந்துவிடும், லோடு மணல் குறைந்தது யாருக்குத் தெரியும்? அதனால் கூட்டமும் வேண்டும், வெளியிலிருந்து தணிக்கையும் வேண்டும்.

கேள்வி: பழைய மண், மூங்கில் மடையை எடுத்துவிட்டு கான்கிரீட் மதகு கட்டினால் நல்லதுதானே?

அவசரப்படாதீர்கள். நேபாளத்து வாய்க்கால்களை எலினோர் ஆஸ்ட்ரம் குழுவினர் ஒப்பிட்டபோது, விவசாயிகளே நடத்தியவைதான் அரசு நடத்தியவற்றைவிடப் பெரும்பாலும் நன்றாக ஓடின. (அவருக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.) பழைய மடை வருஷா வருஷம் வெள்ளத்தில் உடையும். அதைக் கட்ட தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரனின் ஆள்பலம் தேவை, அதனால் தண்ணீரையும் பங்கிட்டுக் கொடுத்தான். கான்கிரீட் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. கடைமடைக்குத் தண்ணீரும் குறைந்துவிடலாம். கான்கிரீட்டே கூடாது என்று சொல்லவில்லை. தண்ணீர்ப் பங்கைப் பேசி எழுதி வைத்துவிட்டு மதகைக் கட்டுங்கள்.

கேள்வி: குழுவில் பெண்கள் இருந்தால் நிலைக்குமா?

பெயருக்கு இருந்தால் ஒன்றும் மாறாது. தண்ணீர் எடுப்பவர்களுக்குத்தான் குழாய் மக்கர் செய்வது முதலில் தெரியும். கையெழுத்து அதிகாரம் அவர்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் ஒரு குடிநீர்த் திட்டம் தொடங்கப்போகிறோம். என்ன யோசிக்க வேண்டும்?

குழாய் எங்கே வரும் என்பதைவிட, மோட்டார் எரிந்த அன்று யார் யாருக்கு போன் செய்வார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். மாதக் கட்டணம் மின்கட்டணத்துக்கும் ஆபரேட்டர் சம்பளத்துக்கும் போக மிச்சம் தருமா? பெரிய பழுதைச் சின்ன ஊர் தனியாகத் தாங்காது. கென்யாவின் கியூசோ பகுதியில் பல ஊர்ப் பம்புகளைச் சேர்த்து, பழுது பார்க்க ஒரே குழுவை வைத்தார்கள். பம்பில் பொருத்திய கருவியே அது ஓடுகிறதா என்று தகவல் அனுப்பியது. வாரக்கணக்கில் நின்று கிடந்த பம்புகள் சில நாளிலேயே ஓடத் தொடங்கின. உங்கள் ஊரோடு பக்கத்து ஊர்களும் சேருமா என்று கேட்டுப் பாருங்கள். சேர்ந்தால் ஒரு மெக்கானிக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு வேலை கிடைக்கும்.