பி.எட்.: பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. இயற்பியல், 58 சதவீதம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர விரும்புகிறாள். காரைக்குடியில் ஒரு ஏஜெண்ட், "வாரக் கடைசியில் வந்தால் போதும்" என்கிறார். சேர்க்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: மதிப்பெண் தடையில்லை, 50 சதவீதம் இருந்தாலே சேரலாம். ஆனால் அந்த ஏஜெண்டிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பி.எட். 2 ஆண்டு முழுநேரப் படிப்பு. ஆண்டுக்கு 200 வேலை நாள். வகுப்புக்கு 80, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை வேண்டும். வருஷத்துச் சனி, ஞாயிறு எல்லாவற்றையும் கூட்டினாலும் 104 நாள்தானே வரும்?

பல்கலைக்கழகத்துக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. பி.எட். படிப்புக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) தனியாக அங்கீகாரம் தர வேண்டும். அந்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, படிப்பின் பெயர், வளாக முகவரி, இடங்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். வகுப்பு நடக்கும் இடம் ஆணையில் உள்ள முகவரியாக இல்லாவிட்டால், பிறகு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

அடுத்து, அறிவியல் பெடகாஜி (கற்பிக்கும் முறை) பாடத்தை நடத்துபவர் யார் என்று விசாரியுங்கள். எம்.எட். முடித்த யாரோ ஒருவர் எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக நடத்தினால் உங்கள் மகளுக்குப் பெரிய பயன் இல்லை. உதாரணத்துக்கு, பல்பைக் கடக்கும்போது மின்னோட்டம் குறைந்துவிடும் என்று பல பிள்ளைகள் நினைப்பார்கள். அதைச் சொல்லி மாற்ற முடியாது. பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர் தொடராக இணைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டுவதைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்ல வேண்டும். பயிற்சி மாணவர் பதற்றத்தில் அம்மீட்டரைப் பக்க இணைப்பில் மாட்டிவிட்டால், அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் எகிறிக் கருவி கெட்டுவிடும். இதையெல்லாம் கையால் செய்து பார்க்க ஆய்வகம் உண்டா, ஆசிரியர் கூடவே நிற்பாரா? நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. எந்தப் பள்ளிகள், வகுப்பில் வந்து உட்கார்ந்து கவனிப்பவர் யார் என்று கேளுங்கள். லெசன் பிளான் நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பும் இடம் வேண்டாம்.

முடித்தபின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள் எழுத வேண்டும்; பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி மதிப்பெண் 150க்கு 90. 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பி.எட்.டை வைத்துத் தொடக்க வகுப்பு ஆசிரியராக முடியாது.

கேள்வி: தம்பி பி.காம். முடித்திருக்கிறான். உடனே பி.எட். சேரலாமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: முதலில் எம்.காம். முடிக்கட்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல் 11, 12ஆம் வகுப்புகளில்தான் வருகிறது. அங்கே முதுகலை ஆசிரியர் பணியிடத்துக்கு எம்.காம்., பி.எட். இரண்டும் கட்டாயம். தனியார் நிறுவனம் பி.காம்.மோடு இடம் கொடுத்தாலும், அந்தச் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்க அரசுப் பள்ளியில் வணிகவியல் பணியிடம் இருக்காது.