அம்மா சிரித்தாலே பயமாக இருக்கிறது

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதும் இறங்குவதுமான பைபோலார் பிரச்சினைக்காகச் சில வருடங்களாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். போன முறை மேனியா (மனநிலை அளவுக்கு மீறி ஏறும் கட்டம்) வந்தபோது ராத்திரியெல்லாம் தூங்காமல், நகையை அடகு வைத்துத் தெருவில் இருப்பவர்களுக்கெல்லாம் புடவை வாங்கிக் கொடுத்துவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால்கூட அப்பா, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிடுகிறார். "நான் சந்தோஷமாவே இருக்கக் கூடாதா?" என்று அம்மா அழுகிறார். மாத்திரையையே நிறுத்தப் போகிறேன் என்கிறார். எனக்கும் இது வருமா என்று பயமாகவும் இருக்கிறது.
- 27 வயது வாசகி, வில்லிவாக்கம், சென்னை

பதில்: அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அப்பாவின் பயமும் நியாயம்தான். அடகுக் கடைக்கு அலைந்து நகையை மீட்டவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் பார்க்க வேண்டியது அம்மாவின் சிரிப்பை அல்ல, தூக்கத்தை.

பேரன் பேத்தி வந்தால் சிரிப்பதும், கல்யாண வீட்டில் கலகலவென்று பேசுவதும் நோய் அல்ல. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல மூன்று, நான்கு மணி நேரமே தூங்கி, அப்படியும் களைப்பே இல்லாமல் விடியற்காலையில் பீரோவைக் கலைத்து அடுக்கினால், அதைக் கவனிக்க வேண்டும். கூடவே பேச்சு வேகமாகும், செலவு கூடும், சொன்னால் எரிச்சல் வரும். ஒவ்வொருவருக்கும் இந்த ஆரம்ப அறிகுறிகள் கொஞ்சம் வேறுபடும். அதனால் நன்றாக இருக்கும் இந்த நேரத்திலேயே அம்மாவிடம் கேளுங்கள்: "உனக்கு ஏறுதுன்னா முதல்ல என்னம்மா தெரியும்? அப்போ நாங்க என்ன செய்யணும்?" அவரே சொல்வதை எழுதி வையுங்கள். ஏடிஎம் கார்டை யார் வைத்துக்கொள்வது, யாருக்குப் போன் செய்வது என்பது வரை அவர் வாயாலேயே வரட்டும். அதில் இல்லாத எதற்கும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பதில்லை என்று அப்பாவும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாத்திரையை மட்டும் தானாக நிறுத்த விடாதீர்கள். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் மேனியா திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா? காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா? எடை கூடியிருக்கிறதா? ஓயாத தாகமா? கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கும். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ டாக்டரால் சரிசெய்ய முடியும். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு, ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் தேவை.

சென்னை வெயிலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குறைந்தாலும், வாந்தி பேதி ஆனாலும், உப்பை ஒரேயடியாகக் குறைத்தாலும் லித்தியம் உடம்பில் ஏறிவிடும். மூட்டு வலிக்கென்று மெடிக்கலில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளாலும் ஏறும். நடை தள்ளாடி, நாக்கு குழறி, கை பலமாக நடுங்கினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு வரலாம். பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. இது பலருக்குப் பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். உங்கள் தூக்கத்தையும் மனநிலையையும் கவனியுங்கள், போதும். இதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மா சோர்ந்து படுத்து, "நான் எதுக்கு இருக்கணும்?" என்கிற மாதிரி பேசினால் அதைக் கோபப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விடாமல் டாக்டரிடமோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். களைத்துப்போன நீங்களும் அப்பாவும்கூடப் பேசலாம்.

இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். மூன்று பேரும் போங்கள். உள்ளே போனதும் முதலில் அம்மா பேசட்டும்.